படகு எண் கேட்ட படிவம்: கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் வரலாறு

வடசென்னையை ஒட்டிய இருளர் குடியிருப்புகளுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை என்று ஏதாவது ஒரு தாளைத் துரத்துவதுதான் வேலை. ஒருநாள் மீனவர் அடையாள அட்டைக்கான விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். படிவத்தில் படகின் பதிவு எண் கேட்டிருந்தது. வலையின் வகை கேட்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். பத்து வயதிலிருந்து ஆற்றில் இறங்கி இறால் பிடிப்பவர்.

"இன்னாம்மா கேக்குறாங்க?" என்றார்.

"போட்டு நம்பர் கேக்குறாங்க ஆயா."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இதுக்கு நம்பர் கீதான்னு கேளு."

அந்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் எழுதித் தரவில்லை. வாயால் சொன்னார்கள்: "இவங்க மீனவர் இல்லையேம்மா." ஐம்பது ஆண்டுகளாக மீனும் இறாலும் பிடித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண் எப்படி மீனவர் இல்லாமல் போகிறார்? அந்த அலுவலரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு முன்பே நூற்றைம்பது ஆண்டுகளாக அரசின் தாள்கள் இதைத்தான் சொல்லிவருகின்றன. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கைதான் வலை

முதலில் இந்தத் தொழில் என்னவென்று தெரிந்துகொள்வோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகம், அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு. இந்த மூன்று இடங்களிலும் இருளர்கள் கையால் தடவி இறாலும் நண்டும் மீனும் பிடிக்கிறார்கள். பெண்களும் ஆண்களும் செய்கிறார்கள். பெண்களே அதிகமாகச் செய்யும் இடங்களும் உண்டு.

பனையோலையில் முடைந்த சிறு கூடை ஒன்று இருக்கும். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்பதால் கூடையின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் மண்டியிட்டோ குந்தியோ நகர்ந்துகொண்டே அடிச்சேற்றை இரண்டு கைகளாலும் தடவிப் போவார்கள். இறால் சேற்றின் சிறு பள்ளங்களில் பதுங்கியிருக்கும். விரல் பட்டதும் அது துள்ளுவதற்குள் அமுக்க வேண்டும். கூடைக்குள் போட வேண்டும். அடுத்ததைத் தேட வேண்டும். இப்படி நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம்.

கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் வேலை நேரம் அமையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் எவ்வளவு ஏறும், எப்போது வற்றும், எந்தத் திட்டு முதலில் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் சேறு மெத்தென்று இருக்கிறது, எங்கே ஆளி ஓடு கிழிக்கும், எங்கே கெளுத்தி முள் குத்தும் என்பது காலுக்கும் கைக்கும் தெரியும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையே அல்ல இது. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை?

இந்த முறையில் குஞ்சு மீன்கள் கூட்டமாகச் சாவதில்லை. அடிச்சேறு வாரப்படுவதில்லை. டீசல் இல்லை. ஒரு மனித உடல் ஒரு நாளில் தடவக்கூடிய அளவுக்கு மேல் எடுக்கவும் முடியாது. நீடித்த பயன்பாடு என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதை இவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்துவந்தார்கள். அதற்குக் காரணம் இயற்கைப் பற்று என்று புனிதப்படுத்தத் தேவையில்லை. வலையும் படகும் வாங்க வழியில்லாத வறுமையும் அதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

புறம்போக்கு என்று எழுதப்பட்ட இடம்

ஆங்கிலேய வருவாய் நிர்வாகம் நிலத்தை ஒரே ஒரு கேள்வியால் அளந்தது: இதிலிருந்து எவ்வளவு வரி வரும்? வரி வராத ஏரி, கழி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் புறம்போக்கு ஆயின. ஊரின் பொது இடத்தைக் குறிக்கும் சொல்தான் அது. இன்று அதே சொல் மனிதரைத் திட்டும் வசையாகப் புழங்குகிறது. அந்த இடத்தை நம்பி வாழ்ந்தவர்களையும் இந்தச் சமூகம் எங்கே வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண்ணூர் ஆயாக்கள் இன்று இறால் தடவும் இடங்களில் ஒன்று பக்கிங்காம் கால்வாய். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான அதன் முதல் பகுதி 1806-ல் தொடங்கிய வேலை. காக்ரேன் என்ற வெள்ளை வணிகரின் பெயரால் அழைக்கப்பட்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. 1877-ன் தொடக்கத்தில் நிவாரண வேலைகளில் ஒரு ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கு அதற்கும் குறைவு. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் யார், அந்தக் கூலிக்கு மண் சுமக்கப் போனவர்கள் யார் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பஞ்சம் முடிந்த பதின்மூன்று ஆண்டுகளில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். பழவேற்காட்டை ஒட்டிய பொன்னேரி வட்டாரம் அன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சமி நில மீட்பு நம் இயக்கத்தின் பெரிய நினைவு, பெரிய போராட்டம். ஆனால் அந்த ஆணை உழுகிற நிலத்தைப் பற்றியது. தண்ணீரிலிருந்து உணவெடுத்தவர்களுக்கு அப்படி ஒரு ஆணை ஒருபோதும் வரவில்லை. மீட்கப் போனால் காட்டுவதற்கு ஒரு தாள்கூட அவர்களிடம் இல்லை.

1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லை போட்ட பிறகு, அதுவரை கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்தவர்கள் அனுமதி கேட்க வேண்டியவர்கள் ஆனார்கள். காட்டிலிருந்து தள்ளப்பட்டவர்களுக்கு வயல் வரப்பு, ஏரிக்கரை, கழி என்று மிச்சமிருந்த இடங்கள்தான் பிழைப்பாயின. வரப்பில் எலி பிடித்தார்கள். எலி வளையில் சேர்த்து வைத்திருந்த நெல்லைத் தோண்டி எடுத்தார்கள். கழியில் இறங்கி இறால் பிடித்தார்கள்.

பாம்புக்கு உரிமம் கிடைத்தது

இருளர்களின் வேட்டை அறிவை அரசு ஒருமுறை மட்டும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கதை முக்கியமானது.

இருபதாம் நூற்றாண்டில் பாம்புத் தோல் வணிகம் பெருகியபோது செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் வணிகர்களுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். தோல் வெளிநாட்டில் பையாகவும் காலணியாகவும் போனது. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தோலில் லாபம் பார்த்தவர்கள் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார்கள். பிடித்தவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு இல்லை. நேற்றுவரை தொழில் என்று இருந்தது இன்று குற்றம்.

ரோமுலஸ் விட்டேக்கர் போன்ற சிலரின் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. வனத்துறை உரிமத்தோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகைப் பாம்புகளைப் பிடிப்பார்கள். விஷம் எடுத்த பிறகு திரும்பக் காட்டில் விடுவார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்து உற்பத்தி இந்த விஷத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கூட்டுறவுச் சங்கம் இருளர்கள் அனைவருக்கும் விடிவு தந்துவிடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 1.9 லட்சம் இருளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். ஆனாலும் ஒரு விஷயத்தை அது நிரூபித்தது. குற்றம் என்று சொல்லப்பட்ட ஒரு திறமை, அரசு மனம் வைத்தால் உரிமம் பெற்ற தொழிலாக மாற முடியும். பாம்பு விஷம் எல்லோருடைய உயிருக்கும் தேவைப்பட்டது, மாற்றினார்கள். இறால் தடவும் கை அவர்களுடைய சொந்தச் சோற்றுக்கு மட்டுமே தேவைப்பட்டது. அதற்கு உரிமம் வரவில்லை.

பிச்சாவரத்தில் காட்டை அழித்தவர் யார்?

பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் படகில் அமர்ந்து அலையாத்தி மரங்களின் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போய் வெறும் சேற்றுத் திட்டாகக் கிடந்தது. உள்ளூர் மக்கள் விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் காட்டை அழித்துவிட்டார்கள் என்பதுதான் பல காலம் நிலவிய விளக்கம்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு பகுதியை முழுமையாக வெட்டுவது வன நிர்வாகத்தின் வழக்கம். இப்படி மொட்டையாக்கப்பட்ட இடத்தில் வெயில் நேரடியாக விழுந்தது. சேற்றின் ஈரம் வற்றி மண் தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. அதன்பின் அங்கே எந்த விதையும் முளைக்கவில்லை. மீன் முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டித் தண்ணீர் போய்வர வழி செய்து கன்று நட்டபோது காடு திரும்ப வந்தது. கால்வாய் வெட்டவும் கன்று நடவும் உள்ளூர் மக்கள் இறங்கினார்கள்.

ஆக, வெட்டியது அரசு. பழி சுமந்தது மக்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைபவர்கள் என்ற பெயர் மட்டும் இன்றும் மக்களிடமே இருக்கிறது.

கிள்ளைக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் என்ற இருளர் குடியிருப்பு இருக்கிறது. இந்தக் காட்டுக் கழிகளில் கையால் தடவிப் பிழைத்தவர்கள். பழங்குடிச் சான்றிதழுக்காக அவர்கள் நீண்டகாலம் அலைந்தார்கள். சான்றிதழ் இல்லாததால் பிள்ளைகளின் படிப்பு நின்றது. 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காடு அலையின் வேகத்தைத் தணித்ததாக உலகமே பேசியது. ஆனால் கடலோரத்து நிவாரணம் மீனவர் ஊர்க் கட்டமைப்பு வழியாகவே பெரும்பாலும் போனது. தலித்துகளும் இருளர்களும் அதில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. காட்டைப் பாராட்டினார்கள். காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் பட்டியலில் இல்லை.

தண்ணீரிலும் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது

எல்லாப் பழியையும் அரசின் மேல் போட்டுவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். உண்மை அப்படி இல்லை.

பழவேற்காடு ஏரியில் பாடு என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் முறை. நல்ல இறால் கிடைக்கும் இடம் ஒருவர் கையிலேயே போய்ச் சேராமல் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆய்வாளர்கள் பலர் இதைச் சமூகமே நடத்தும் வள நிர்வாகத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார்கள். சமூகவியல் மாணவியாக நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கும்? பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டு ஆண்களின் பெயர் இருக்கும். அதே ஏரிக்கரையில் வாழும் ஆதிதிராவிடர்களும் இருளர்களும் அந்தக் குலுக்கலில் இல்லை. ஏரியின் ஓரத்தில், ஆழமில்லாத இடத்தில், கையால் எடுத்துக்கொள் என்று மிச்சம் விடப்பட்டதுதான் அவர்களுக்கு. ஊருக்கு வெளியே சேரி என்பது தண்ணீருக்குள்ளும் உண்டு. கரையில் எல்லைக்கல் தெரியும், தண்ணீரில் தெரியாது. அவ்வளவுதான் வேறுபாடு.

பட்டினவர் மக்களும் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள்தான். துறைமுகமும் ஆலையும் அவர்களையும் நசுக்குகின்றன. எண்ணூர் போராட்டங்களில் முன்னால் நின்றவர்கள் அவர்கள். அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் "மீனவர்" என்ற சொல் தொழிலைக் குறிப்பதை விட்டு ஒரு சாதியின் பெயராக அரசுத் தாளில் உறைந்துபோனபோது, அதே தண்ணீரில் அதே மீனைப் பிடித்த இன்னொருவர் மீனவர் அல்லாதவராக ஆக்கப்பட்டார். என் ஆயாவின் விண்ணப்பம் திரும்பியது இதனால்தான்.

1927-ல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுத் தண்ணீர் என்பது பொதுவாக இல்லை என்பதை அந்த நாள் உலகுக்குக் காட்டியது. குடிக்கும் தண்ணீருக்கு நாம் கேட்ட அதே கேள்வியை, உணவு தரும் தண்ணீருக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

சாம்பலும் எண்ணெயும்

எண்ணூருக்கு வருவோம். 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம் வந்தது. 1994-ல் வடசென்னை அனல் மின்நிலையம். 2001-ல் எண்ணூர் துறைமுகம். புறம்போக்கு என்று எழுதி வைத்த இடம் இப்போது காலி இடம் ஆனது. காலி இடத்தில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. கொசஸ்தலை ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. இறால் பதுங்கும் மெத்தென்ற சேறு சிமெண்ட் மாதிரி இறுகியது. "கை உள்ள போவ மாட்டேங்குது" என்று பெண்கள் சொல்வது இதைத்தான்.

1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பிறகு வந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணாமல் போயிருந்ததை மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு ஆறு தாளிலிருந்து மறைய முடியும் என்றால் அதில் தடவும் கைகள் எம்மாத்திரம்?

2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகில் போகிறவருக்கு எண்ணெய் படகில் ஒட்டும், வலையில் ஒட்டும். இவர்களுக்கு உடம்பில் ஒட்டும். கழுத்துவரை அந்தத் தண்ணீரில் நின்று, வாயில் கூடையைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இவர்கள். தோல் அரித்தது, கொப்புளம் வந்தது. இறால் கிடைத்தாலும் "எண்ணெய் வாடை" என்று சந்தையில் வாங்க ஆளில்லை.

நிவாரணம் அறிவித்தபோது படகுகளுக்குத் தனியாக ஒரு தொகை இருந்தது. எண்ணெயில் நனைந்த படகு பழுது பார்க்கப்பட வேண்டியது நியாயம். எண்ணெயில் நனைந்த கைக்கு என்று ஒரு தலைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதேபோல ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கடல் மீனவக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வருகிறது. ஆறு கெட்டு ஆண்டு முழுக்கத் தொழில் தடைப்பட்டிருக்கும் இவர்களுக்கு எந்தத் தடைக்காலக் கணக்கும் கிடையாது.

நம் தட்டைப் பற்றி

இதை எழுதும் நான் இருளர் இல்லை. நாகப்பட்டினம் பக்கத்துப் பறையர் குடும்பம். நடவு முடிந்து வரும் பாட்டியின் மடியில் வயல் நண்டு இருக்கும். மழைக்காலத்தில் நத்தை. வாய்க்கால் இறைத்த நாளில் கெளுத்தியும் விராலும். பண்ணையார் கொடுத்த கூலி நெல்லில் பாதி வயிறுதான் நிறையும். மீதியை நிரப்பியது அந்தச் சேறு. கீழ்த்தஞ்சைக் கூலிப் போராட்டங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். போராடிய நாட்களில், வேலை மறுக்கப்பட்ட நாட்களில், அந்த உடம்புகளை உயிரோடு வைத்திருந்த உணவைப் பற்றி நாம் எழுதியது குறைவு.

ஏன் குறைவு? வெட்கம்தான். பள்ளிக்கூடத்தில் நண்டுக் குழம்பு கொண்டுபோன நாளில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இனிமேல் தயிர்சாதம்தான் வேண்டும் என்று அம்மாவிடம் அழுதேன். டவுனுக்குக் குடிவந்த பிறகு வீட்டில் நத்தை சமைப்பது நின்றேபோனது. அதே நத்தையும் நண்டும் இன்று விலை உயர்ந்த உணவகங்களில் கிராமத்து விருந்து என்று பலகையில் எழுதி விற்கப்படுகின்றன. பிடித்தவர் சாப்பிட்டால் இழிவு, வாங்கியவர் சாப்பிட்டால் ருசி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவுக்கு அப்பால், வாய்க்கால் கரையில் சில பழங்குடிக் குடும்பங்கள் இருந்தன. எலி பிடிக்க வருவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அவங்க எலி திங்குறவங்க" என்று எங்கள் தெருவும் சொன்னது. நண்டு தின்றதற்காக நம்மைத் தள்ளிவைத்த அதே வாய்ப்பாட்டை நாம் இன்னொருவர் மேல் போட்டோம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை நான் முதலில் வகுப்பறையில் கற்றேன். அதன் அர்த்தம் இருளர் குடியிருப்பில் உட்கார்ந்து இந்த நினைவு வந்தபோதுதான் புரிந்தது.

கேட்க வேண்டியவை

பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சி. பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க மக்கள் போகிறார்கள். அதுவும் நல்லது. பூநாரையும் அந்த ஆயாவும் ஒரே சேற்றில் நின்று ஒரே மாதிரி உணவு தேடுகிறவர்கள். பறவைக்குச் சரணாலயம் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. மனுசிக்கு அடையாள அட்டைகூட இல்லையே என்பதுதான் வருத்தம். 1971-ல் உருவான ராம்சர் உடன்படிக்கையே ஈரநிலத்தை மக்கள் அறிவோடு பயன்படுத்துவதைப் பேசுகிறது. வேலி போடுவதை மட்டும் அது கேட்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை.

மீனவர் என்பதற்குப் படகையும் வலையையும் சாதியையும் அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆற்றிலும் கழியிலும் ஏரியிலும் கையால் பிடிக்கும் அனைவரும், பெண்களும் சேர்த்து, தொழில் அடிப்படையில் பதிவு செய்யப்பட வேண்டும்.

2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருள்கள் மீதான சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. பிச்சாவரம் போன்ற வனநிலத்துக்குள் இருக்கும் கழிகளில் அந்த உரிமையை எழுத்தில் தர வேண்டும். வனநிலம் என்று அறிவிக்கப்படாத எண்ணூர் போன்ற இடங்களுக்கு இந்தச் சட்டம் போதாது. அங்கே தனி ஏற்பாடு தேவை.

எண்ணெய், சாம்பல், வெள்ளம் எது வந்தாலும் இழப்பைக் குடும்பம் குடும்பமாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். படகை எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. எடுக்கும் குழுவில் இருளர் பெண்கள் இருக்க வேண்டும்.

நம் இயக்கங்களின் நில உரிமைக் கோரிக்கைப் பட்டியலில் நீர் உரிமையும் சேர வேண்டும். அந்த மேடையில் இருளர்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

ஆயாவின் விண்ணப்பத்தை மறுபடியும் கொடுத்திருக்கிறோம். இந்த முறை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மனுவும் இணைத்திருக்கிறோம். படகு எண் கேட்ட கட்டத்தை ஆயா காலியாக விடச் சம்மதிக்கவில்லை. "கையாலதான் புடிக்கிறேன்னு எழுது" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஊர் ஏரியில், ஆற்றில், வயலில் நம் மக்கள் எதை, எப்படி, எந்தப் பருவத்தில் எடுத்துச் சாப்பிட்டார்கள்? யார் தடுத்தார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு அலுவலகத்தில் "நீங்க இங்க பிடிச்சதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், மேசையில் வைக்க நம்மிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.